சீர் கொண்டுவர ஓர் அண்ணன்

சித்ராதேவியைப் பயந்த சுபாவம் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகும். கேஸை மூடினோமா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள் அவள். பிளஸ் ஒன் படிக்கிற மகன் வளவன் டியூஷனிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், கொள்ளிடம் பாலத்தில் என்னென்ன விபத்து நடக்கலாமோ அத்தனையும் அவள் மனக்கண்ணில் நடந்து முடிந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். மாவு புளித்திருக்குமோ, புளிக்காமல் போயிருக்குமோ என்பது தனிக் கவலை. தெருவில் எல்லோரும் அவளைக் கேலி செய்வார்கள்.

ஆனால் நிஷா வயசுக்கு வந்த அன்று அவளைப் பிடித்த பயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. பாத்ரூமுக்குள்ளிருந்து "அத்தை" என்று பிள்ளை கூப்பிட்ட குரலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். போச்சு, பிள்ளையைக் கேட்டு வந்துவிடுவார்கள் என்பதுதான் சித்ராதேவியின் மனதில் முதலில் ஓடியது.

நிஷா அவள் பெற்ற பெண் இல்லை. புருஷன் பாலமுரளியின் தங்கை இளவேனிலின் மகள். கொரோனா இரண்டாவது அலையில் இளவேனிலும் அவள் வீட்டுக்காரரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். மருங்காபுரியில் இருந்த பெரியப்பா மாத்ருபூதமும் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதனால் தாய்மாமன் பாலமுரளி போய், எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குத் துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவான். ராத்திரியில் அலறி எழுந்த பிள்ளையை மடியில் போட்டுத் தட்டியது, பேன் பார்த்தது, ஏழாம் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டியது எல்லாம் சித்ராதேவிதான். மாமனுக்கு ரத்த உரிமை, பெரியப்பாவுக்கு வம்ச உரிமை. அந்த வீட்டுக்கு வாழ வந்தவளுக்கு என்ன உரிமை? ஒன்றும் கிடையாது. இது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அன்று சாயங்காலமே மாத்ருபூதம் போன் செய்தார்.

"சந்தோஷம் மாப்ளே. சடங்கை நம்ம வீட்டுல வெச்சுக்குவோம். தாய்மாமன் நீங்க சீர் கொண்டாங்க. அப்புறம் புள்ள எங்ககிட்டயே இருக்கட்டும். தப்பா நெனைக்காதீங்க, வயசுப் பையன் இருக்கற வீடு. அதுவும் கட்டிக்கற முறையுள்ள பையன்."

இதுதான் சிக்கல். மாமன் மகன் முறை மாப்பிள்ளை ஆயிற்றே! நிஷா வளவனை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் விட மாட்டார்கள். "என்னடி, முறையை மாத்திக் கூப்பிடறே? எங்கடி உன் மாப்பிள்ளை?" என்று கிண்டல் செய்து சிரிப்பார்கள். வளவன் முகம் சிவந்து எழுந்து போய்விடுவான்.

ஊர் வாயை அடைத்துவிட்டால் பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்று சித்ராதேவி கணக்குப் போட்டாள். பாவம், பயந்தவள் போட்ட கணக்கு. வளவனை மாடி அறைக்கு அனுப்பினாள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றாள். அவன் சைக்கிளில் நிஷா ஏறக் கூடாது என்றாள். டி.வி. பார்த்து இரண்டு பேரும் சிரித்தால்கூடச் சமையல்கட்டிலிருந்து வந்து நின்றாள். ஏன் என்று இருவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஒரு நாள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது நிஷா சொன்னாள், "அத்தை, நான் பெரியப்பா வீட்டுக்கே போயிடறேன்."

சீப்பு அப்படியே நின்றது. "ஏன்டி? யாரு என்ன சொன்னா?"

"யாரும் சொல்லலை. என்னாலதானே அண்ணன் மாடிக்குப் போயிடுச்சு? நான் போயிட்டா எல்லாரும் பழைய மாதிரி இருக்கலாம்ல."

சித்ராதேவிக்கு அழக்கூட வரவில்லை. வைத்துக்கொள்ளத்தான் அத்தனையும் செய்தாள். அதுவே பிள்ளையை வாசல் வரை தள்ளிவிட்டிருக்கிறது. அடிப் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாத்ருபூதமும் அவர் மனைவி மீனாம்பாளும் வந்து இறங்கினார்கள். நல்ல மனிதர்கள், அதுதான் கொடுமை. கெட்டவர்களாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"இங்கயே சடங்கு வெச்சுடறோம்" என்று பாலமுரளி மெல்ல ஆரம்பித்தான்.

மாத்ருபூதம் சிரித்தார். "அதெப்படி மாப்ளே? பொண்ணு வீட்டுக்குத்தானே மாமன் சீர் வரணும்? மாமன் வீட்டுலயே பொண்ணு இருந்தா சீரை எங்கேருந்து எங்க தூக்குவீங்க? ஹால்லேருந்து சமையல்கட்டுக்கா?"

காப்பித் தம்ளரோடு நின்றிருந்த சித்ராதேவிக்கு எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்!

"எங்க அண்ணன் கொண்டு வருவாரு."

"யாரு?"

"திருவெள்ளறை ரெங்கராஜ். என் கூடப் பொறந்த அண்ணன். நிஷா என் மக. என் மகளுக்குத் தாய்மாமன் அவருதானே? வளவன் அவளுக்குக் கூடப் பொறந்தவன். நாளைக்கு நிஷா புள்ளையை மடியில உட்கார வெச்சுக் காது குத்தப் போறவன் அவன்தான். முறை கிறைன்னு இனிமே யாரும் பேச வேணாங்க."

பாலமுரளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் யாரு சித்ரா? என் தங்கச்சிக்கு நான் செய்ய வேண்டியது இது ஒண்ணுதான் பாக்கி."

"அப்பனா இருந்து செய்ங்க" என்றாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

மாத்ருபூதம் யோசித்துவிட்டுச் சொன்னார், "உங்க அண்ணன் நாலு பேரு முன்னாடி சீரோட வந்து நிக்கட்டும்மா. நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா, அன்னிக்கே புள்ள எங்ககூட வந்துடணும்."

வீரமாகப் பேசியாயிற்று. அண்ணனோ அவளோடு முகம் கொடுத்துப் பேசி நான்கு வருஷம் ஆகிறது. "அடுத்தவன் புள்ளையை எதுக்கு இழுத்துப் போட்டுக்கறே?" என்று அன்றைக்குக் கேட்டவர் அவர்தான். போனில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்தப் பக்கம் மாடு கத்துகிற சத்தம்தான் கேட்டது.

"தாய்மாமன்னா ஒரு நாள் கூத்தா சித்ரா? நாளைக்கு நிச்சயம், கல்யாணம் எல்லாத்துக்கும் முன்னாடி நான் நிக்கணும். எனக்கே ரெண்டு பொண்ணு இருக்கு."

"தெரியும்ண்ணே. அதான் உன்கிட்ட கேக்கறேன்."

"பாக்கறேன்" என்றார். வைத்துவிட்டார்.

பாக்கறேன் என்றால் வருவேன் என்று அர்த்தமா, வரமாட்டேன் என்று அர்த்தமா? சடங்கு நாள் வரை சித்ராதேவி இதையே சுற்றிச் சுற்றி வந்தாள். மாவில் உப்புப் போட மறந்தாள். அடுத்த நாள் இரண்டு முறை போட்டாள். திரும்ப போன் செய்யவும் பயம்; செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டால்?

சடங்கன்று வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. நிஷாவுக்குத் தண்ணீர் ஊற்றி, பழைய பாவாடையோடு உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். மாமன் சீர்ப் புடவை வந்தால்தான் அலங்காரம். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. சித்ராதேவி அண்ணனுக்குப் போன் அடித்தாள்; மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் பந்தி எப்போது என்று கண்ணாலேயே கேட்டார்கள். மாத்ருபூதம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவளைச் சங்கடப்படுத்த அவருக்கு மனசில்லை போலும். நிஷாவின் துணிமணிகளை எடுத்து வைத்திருந்த பை மட்டும் மீனாம்பாளின் காலடியில் இருந்தது. பாலமுரளி தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

"அத்தை, புடவை வரலையா? பரவால்ல அத்தை" என்றாள் நிஷா உள்ளேயிருந்து. அந்தப் பரவாயில்லைதான் சித்ராதேவியைக் கொன்றது. இனி ஆகாது, அண்ணன் கைவிட்டுவிட்டான் என்று முடிவு செய்தாள். பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டு அவள் உள்ளே திரும்பியபோதுதான் தெருவில் மேளச் சத்தம் கேட்டது.

குட்டி யானை வண்டி ஒன்று வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து ரெங்கராஜ் இறங்கினார். பின்னால் அவர் மனைவி, இரண்டு பெண்கள், தட்டுத் தட்டாகப் பழம், வளையல், புடவை. இறங்கும்போதே புலம்பிக்கொண்டு வந்தார்.

"மாலை கட்டறவன் நூலு மாதிரி கட்டி வெச்சிருக்கான். தாய்மாமன் போடற மாலையாடா இதுன்னு கேட்டு, அவுத்து மறுபடி கட்ட வெச்சேன். இந்த மேளச் சத்தத்துல போன் எங்க கேக்குது?"

எல்லோரும் எழுந்து வழி விட்டார்கள். ரெங்கராஜ் புடவைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசற்படியில் நின்றார். சீரைப் பெண்ணின் தாய் வந்து வாங்க வேண்டும், அதுதான் முறை. மீனாம்பாள்தான் நாற்காலியிலிருந்து எழுந்து, உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பொண்ணோட அம்மா எங்கம்மா? வந்து சீரை வாங்குங்க."

நிலைப்படியில் நின்றிருந்த சித்ராதேவி, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நிஷா மட்டும்தான் இருந்தாள். "உங்களைத்தான்" என்று அவள் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள்.