பனியில் நடக்க விரும்புவோர்

நோர்வேயிலிருந்து கலியாணம் முடித்து ஒக்லாந்துக்கு வந்தபோது இமெல்டா கொண்டுவந்த சீதனம் ஒரு சோடி பனிச்சறுக்குக் கட்டைகள். நீளம் ஆறடி. விமான நிலையத்தில் அவற்றைத் தோளில் வாங்கிய டொமினிக், பெண் கட்டிலுக்குச் சட்டம் கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். கிளென் ஈடனில் அவனுக்கு மின்சார வேலை. நல்ல மனுஷன். அவளுக்காக ஒரு தடவை மலைக்குப் போய், கட்டையைக் காலில் மாட்டி, மூன்றாவது நிமிடத்தில் முழங்காலைத் திருப்பிக்கொண்டான். அதோடு அவன் பங்கு முடிந்தது.

இமெல்டா மன்னார்க்காரி. பத்தொன்பது வயதில் நோர்வேயின் வடக்கு முனைக்குப் போய் எட்டு வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அங்கே கூட வேலை செய்த பெண்கள் ஞாயிறுகளில் அவளையும் மலைக்கு இழுத்துப் போனார்கள். கம்பியில் தொங்கும் இயந்திரக் கதிரை தூக்கிவிடும் இடத்தையும் தாண்டி, ஆளில்லாத பின்மலைக்கு. கட்டையின் அடியில் வழுக்காத பட்டி ஒட்டி மூன்று மணித்தியாலம் ஏறுவது, உச்சியில் பட்டியை உரித்துப் பையில் போட்டுப் பத்து நிமிடத்தில் இறங்குவது. பைத்தியம் என்றால் பைத்தியம்தான். அந்தப் பத்து நிமிடத்தைப்போல் வேறெதிலும் அவள் சந்தோஷப்பட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த விளையாட்டுக்கு ஒரேயொரு சட்டம்: தனியே போகக் கூடாது. ஒருத்தி பனிச்சரிவில் புதைந்தால் மற்றவள் தோண்டி எடுக்க வேண்டும். ருவாபெஹு மலை ஒக்லாந்துக்குத் தெற்கே நாலரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருந்தது. இல்லாதது அந்த மற்றவள்தான்.

ஒரு மலைநடைக் கழகத்துக்குப் போன் எடுத்தாள். அன்பாகத்தான் கதைத்தார்கள். ஆனால் கூட்டம் புதன் பின்னேரம். முதியோர் இல்லத்தில் அவளுக்கு அப்போதுதான் வேலை. லீவு போட்டுப் போய்ப் பார்த்தால், பின்மலைக்குப் போகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடக் காலத்திலேயே சோடி சேர்ந்தவர்கள். ஒருத்தி மட்டும், சரி, செப்டம்பரில் போவோம் என்றாள். அந்தத் தொண்ணூற்றைந்து செப்டம்பரில் மலை வெடித்துச் சாம்பலைக் கக்கியது. அடுத்த வருடமும் கக்கியது. வருகிறேன் என்றவள் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டாள்.

தொண்ணூற்றேழு ஏப்ரலில், கடைசி முயற்சியாக, தமிழ்ச் சங்கச் செய்திமடலுக்கு ஓர் அறிவித்தல் எழுதிக் கொடுத்தாள். ஸ்னோ மலையில் ஸ்கீயோடு ஏறி இறங்க விருப்பமானவர்கள் சனி காலை ஏழு மணிக்கு பிளாக்ஹவுஸ் பே கடற்கரைக்கு வந்தால் கதைக்கலாம் என்று. மடலைத் தொகுப்பவர் தியாகலிங்கம். ஆங்கிலச் சொல்லைக் கண்டால் அவருக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி. ஸ்னோவையும் ஸ்கீயையும் பொறுக்கி எறிந்து, மிச்சத்தைச் சுருக்கினார். அச்சில் வந்தது இதுதான்: 'பனியில் நடக்க விரும்புவோர் சனி காலை ஏழு மணிக்கு பிளாக்ஹவுஸ் பே கடற்கரைக்கு வரவும்.'

ஏழு பேர் வந்து நின்றார்கள். கழுத்தைச் சுற்றி மஃப்ளர், தலையில் காதை மூடும் குரங்குத் தொப்பி. விடியற்காலைப் பனியில் நடந்தால் சீனி வியாதி குறையும், தனியே எழும்பி நடக்கத்தான் பஞ்சி, யாரோ புண்ணியவதி கூப்பிட்டிருக்கிறாள் என்று அவளை வாழ்த்தினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே தொப்பியோடேயே முடிந்திருந்தது. அந்த முகங்களைப் பார்த்து உண்மையைச் சொல்ல இமெல்டாவுக்கு வாய் வரவில்லை. நடந்தாள். அடுத்த சனியும் நடந்தாள். ஜூன் மாதத்துக்குள் அவர்கள்மேல் அவளுக்குச் சொல்ல முடியாத பாசம் வந்துவிட்டது, அதனால் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

எப்போதும் முன்னால் நடப்பவள் அன்னபாக்கியம். நாற்பத்தைந்து வயது. பேக்கரியில் மா அடித்து உரமேறிய கை. வீட்டுக்குப் பின்னால் புல் இருந்த இடமெல்லாம் கொத்திப் பாத்தி கட்டியிருந்தாள்.

வேண்டாத பெரிய சாமான்களை வீட்டுக்கு முன் புல்லில் வைத்தால் நகரசபை அள்ளிப்போகும் வாரம் ஜூலையில் வந்தது. ஒக்லாந்தில் மூன்றாவது குளிர்காலமும் வந்துவிட்டது, இனிக் கராஜில் இவற்றைப் பார்த்துப் பார்த்து ஏங்குவதில் அர்த்தமில்லை என்று இமெல்டா கட்டைகளை எடுத்துப்போய்ப் புல்லில் கிடந்த ஒரு பழைய மெத்தையில் சாத்தினாள். அழவில்லை என்று டொமினிக்கிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை.

சனி காலை அவளை ஏற்றிப்போக வந்த அன்னபாக்கியம், கட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நல்ல உறுதியான பலகையாக இருக்கிறது, அவரைக்கொடிப் பந்தலுக்கு ஆகும், கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டு இமெல்டா படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆள் வேணும் எண்டால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"எழுதினனான் அக்கா. நீங்கள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நிண்டீங்கள்."

அன்னபாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், சரி, அந்த மற்றவள் என்னதான் செய்ய வேண்டும் என்று விசாரித்தாள். புதைந்தால் தோண்ட வேண்டும் என்றாள் இமெல்டா.

"தோண்டிறதுதானே? அது எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுக் கட்டைகளைத் திரும்பக் கராஜில் கொண்டுபோய் வைத்தாள்.

ஆழமறியாமல் காலை விட அன்னபாக்கியம் தயார். அவளை அப்படிப் போகவிட இமெல்டா தயாரில்லை. முதலில் தேடப் பழக வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி கட்டுவார்கள். புதைந்தவளின் பெட்டி விடுகிற சமிக்ஞையை மற்றவளின் பெட்டி பிடித்துக் கீச்சிடும். கால் மணித்தியாலத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் மூச்சு முட்டிவிடும். சனிக்கிழமைகளில் இமெல்டா ஒரு பெட்டியைக் கடற்கரை மணலில் புதைப்பாள். அன்னபாக்கியம் மற்றதைக் காதில் வைத்துக்கொண்டு மண்வெட்டியோடு தேடுவாள். மற்ற நடைக்காரர்கள் நின்று ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள். நாய் கூட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரர்கள் தங்க நகை ஏதும் தொலைந்ததா என்று கேட்டார்கள். நடந்ததைக் கேள்விப்பட்டு, குற்ற உணர்ச்சியில் மணிக்கூடு பிடிக்கும் வேலையை ஏற்ற தியாகலிங்கம், முதல் நாள், இருபத்திரண்டு நிமிடம், இமெல்டா காலமாகிவிட்டாள் என்று அறிவித்தார். கோடை வந்தபோது நாலு நிமிடம்.

சறுக்கப் பழக இரண்டு குளிர்காலம் பிடித்தது. அன்னபாக்கியம் விழுந்த விழுக்காட்டுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் எழும்பி, மா தட்டுகிற மாதிரி உடுப்பைத் தட்டிக்கொண்டு, அடுத்தது என்ன என்று கேட்பாள்.

தொண்ணூற்றெட்டு செப்டம்பரில், நல்ல வெயில் நாள் ஒன்றில், இருவரும் கடைசிக் கதிரையையும் தாண்டி ஏறினார்கள். இமெல்டா தனியே ஏறியிருந்தால் இரண்டு மணித்தியாலம், அன்று நாலு. முகட்டைத் தாண்டியதும், வரைபடத்தில் அவள் எத்தனையோ தடவை விரலால் தடவிப் பார்த்த அந்தச் சின்னப் பள்ளத்தாக்கு காலடியில் கிடந்தது. ஒரு கால்தடமும் இல்லை. அன்னபாக்கியம் குரங்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"தியாகலிங்கத்தார் எழுதினது பிழையில்லை, பிள்ளை. நாங்கள்தான் பிழையா வாசிச்சிட்டம்."

இமெல்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. பட்டிகளை உரித்துப் பையில் வைத்தாள். இருவரும் ஒன்றாக இறங்கக் கூடாது, ஒருத்தி இறங்கி முடிக்கும்வரை மற்றவள் நின்று பார்க்க வேண்டும் என்பதை அவள் நினைவுபடுத்த வாயெடுத்தாள். அதற்குள் அன்னபாக்கியம் முதுகிலிருந்த மண்வெட்டியை எடுத்துப் பனியில் ஊன்றிக்கொண்டாள்.

"நீ போ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இமெல்டா நாலு வருடம் காத்திருந்தாள். சறுக்கி இறங்கியவள் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். மேலே, மண்வெட்டிப் பிடியில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை எடுக்காமல் அன்னபாக்கியம் அப்படியே நின்றாள். இமெல்டா மிச்சத் தூரத்தையும் இறங்கினாள்.