எனக்கு முன்னே புறப்பட்ட பெட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த அன்றே மடிக்கணினியில் ஒரு அட்டவணை தொடங்கினேன். வரிசை எண், செய்ய வேண்டியது, யார் செய்வது, கடைசித் திகதி, நிலை என்று ஐந்து நிரல்கள். மே மாதம் முடிவதற்குள் நாற்பத்தாறு வரிகள் சேர்ந்தன. ‘யார் செய்வது’ என்ற நிரலில் நாற்பத்தாறு இடத்திலும் ‘நான்’ என்றே இருந்ததால் அந்த நிரலை அழித்துவிட்டேன்.

எங்கள் ஊரான நயினாதீவில் ஒருவர் வெளிநாடு போவது பெரிய செய்தி அல்ல. போகாமல் இருப்பவரைத்தான் என்ன குறை என்று விசாரிப்பார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த வெளிநாடுகள் நாலைந்துதான், அங்கே போகத் தெரிந்த வழிகள் அதைவிடக் குறைவு. கலியாணம் செய்து போகலாம். கூடப் பிறந்தவர் கூப்பிட்டுப் போகலாம். சொல்லாமல் போகலாம். விண்ணப்பம் எழுதி, பரீட்சை எழுதி, ஒரு துறையில் இடமும் கற்பித்தல் உதவியாளர் வேலையும் பெற்றுப் போவது இந்தப் பட்டியலில் இல்லை.

“ஆர், பிள்ளை, கூப்பிட்டது?” என்று சந்தியில் கடை வைத்திருப்பவர் கேட்டார்.

“ஒருத்தரும் கூப்பிடேல்லை. விண்ணப்பிச்சனான்.”

“அங்க ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் இழவு வீட்டு இரக்கம். பிறகு கடைக்காரருக்கு ஏதோ விளங்கியது. குரலைத் தணித்தார்.

“அப்ப அங்கயிருந்து கனடாவுக்குப் பாயிற யோசினை என்ன?”

நான் சீனியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அமெரிக்கர்களும் இவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் அல்ல. வருவதற்கு முன் படிக்கும்படி பல்கலைக்கழகம் ஒரு கையேடு அனுப்பியது. குளிர்காலத்தில் குளிராக இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. குடையின் படம் ஒன்று, கீழே ‘குடை’ என்ற குறிப்பு. இணையவழிக் கூட்டத்தில் பல் நிறையச் சிரிக்கும் ஒருவர் தோன்றி, புது நாட்டுக்கு வரும் மாணவருக்கு முதலில் மகிழ்ச்சி, பிறகு சோகம், பிறகு பழக்கம் வரும் என்று ஒரு வளைகோடு கீறிக் காட்டினார். இரண்டு அச்சிலும் அலகு இல்லை. முதலாம் வருட மாணவர் ஒருவர் அப்படி ஒரு வரைபடம் தந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். உரையாடல் பெட்டியில் இருநூறு பேர் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

அந்தக் கையேட்டில் உருப்படியானவை இரண்டே வரிகள். அவற்றை என் அட்டவணையில் சிவப்பில் எழுதினேன். ஒன்று, கற்பித்தல் உதவியாளர்களுக்கான பயிற்சிக்குக் குறித்த நாளில் வராதவரின் இடம் வேறொருவருக்குப் போகும். இரண்டு, நான்கு வருடப் பெறுபேறுகள் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட்டை, படித்த பல்கலைக்கழகம் ஒட்டி முத்திரை குத்திய உறையில், பிரிக்காமல் கொண்டுவந்து தர வேண்டும். பிரித்த உறை ஏற்கப்படாது. அது இல்லாமல் பாடங்களுக்குப் பதிய முடியாது. உறையை ஏப்ரலிலேயே எடுத்துவிட்டேன். ஒரு விண்ணப்பத்துக்கு ஒன்றுதான் தருவார்கள்.

பயிற்சி நாள் ஆடி கடைசிக் கிழமையில் விழுந்தது. அதற்கு நான்கு நாள் முன்னர் விமானம். அதை வீட்டில் சொன்னதும் அம்மா உடனே தன் அக்காவை அழைத்தார். நாரந்தனையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. ஆனாலும் அம்மா அதைப் போட்டார்.

“ஆடியில வெளிக்கிட்டவை ஆர் உருப்பட்டது, சொல்லு பாப்பம்?”

“உங்கட மருமோன் ஆடியிலதான் கனடா போனவர், பெரியம்மா. வீடும் வாங்கிப்போட்டார்.”

“அதுதான் தலையில ஒரு மயிர் இல்லை.”

இப்படி வாதிடுபவரோடு வாதிட ஏலாது. நான் விலகிக்கொண்டேன். அம்மா ஊர்ச் சாத்திரியாரிடம் போனார். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி வழி ஒன்று சொல்லி அனுப்பினார். ஆடியில் ஆள் புறப்படுவதுதான் குற்றம். ஆனி முடியும் முன் நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைப் புறப்படுத்திவிட்டால் பயணம் அன்றே தொடங்கியதாகக் கணக்கு. அதன் பிறகு ஆள் எப்போது போனாலும் அது நடுவழிதான். நிபந்தனைகள் மூன்று. பெட்டி ஊர் எல்லை தாண்டி வேறொரு வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பயணத்துக்கு உயிரான பொருள் ஒன்று அதற்குள் இருக்க வேண்டும். போன பெட்டி திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது, போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோளையும் நாளையும் நம்புகிறவர்கள் அவற்றை இவ்வளவு இலகுவாக ஏமாற்றலாம் என்றும் நம்புவது எனக்கு வியப்பாக இல்லை. மென்பொருள் எழுதும் நாங்களும் இதையே செய்கிறோம். பிழையைத் திருத்த மனமில்லாதபோது அதைச் சுற்றி ஒரு பாதை வெட்டுவோம். நான் சம்மதித்தேன். அம்மா மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

உயிரான பொருளை நானே தெரிவு செய்தேன். கடவுச்சீட்டு என் கையை விட்டுப் போகாது. குளிர்ச்சட்டையை வைக்கலாம் என்றேன். “சட்டை என்ன உயிரே?” என்றார் அம்மா. மிஞ்சியது அந்த உறை. அமெரிக்கா போகும் வரை எனக்கு அது தேவையில்லை. ஒட்டி முத்திரை குத்தியதை யாரும் திறக்கக் காரணமில்லை. பெரியம்மா வீடு கொழும்புக்குப் போகும் வழியில் இருக்கிறது. மூன்று காரணங்களும் சரியாக இருந்தன. உறையைத் துவாய்களுக்கு நடுவே மடங்காமல் வைத்து, அட்டவணையின் பதினேழாம் வரியில் ‘முடிந்தது’ என்று எழுதினேன்.

அம்மன் கோயில் திருவிழாக் காலம். இறங்குதுறையில் சனம் அலைமோதியது. அம்மா என் பெட்டியோடு படகில் ஏறினார். திருவிழாவுக்கு வந்து திரும்பிய ஒரு குடும்பம் அதை எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பெட்டி என்று நினைத்து இடம் விட்டது. நல்ல நேரம் பத்து இருபதுக்கு முடிந்தது, படகு பத்து பதினைந்துக்கு வெளிக்கிட்டது. என் அமெரிக்கப் பயணம் அப்படித் தொடங்கியது. நான் வீட்டுக்கு வந்து மத்தியானம் சோறும் கணவாய்க் கறியும் சாப்பிட்டேன்.

விமானத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கொளுவி நிறுக்கும் சிறு தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு நாரந்தனைக்குப் போனேன். பெட்டி திரும்பி வரக்கூடாது என்றுதான் விதி. அதை நிறுக்கக்கூடாது என்று இல்லை.

நான் அனுப்பும்போது பதினெட்டுக் கிலோ. இப்போது முப்பத்தொன்று.

“கொஞ்சச் சாமான் வைச்சனான், அக்காவுக்கு,” என்றார் பெரியம்மா. அக்கா என்றால் கனடாவில், தொரன்ரோவில் இருக்கும் அவர் மகள்.

“நான் போறது அமெரிக்காவுக்கு, பெரியம்மா.”

“அது தெரியுமே. அங்கயிருந்து ஒரு பார்சலாப் போட்டுவிடு.”

பனங்கிழங்கில் செய்த ஒடியல்மா, புழுக்கொடியல், கறித்தூள் மூன்று போத்தல், ஒரு குத்துவிளக்கு. விளக்கைத் துண்டு துண்டாகக் கழற்றி என் காலுறைகளுக்குள் செருகியிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். துவாய்களுக்கு நடுவே கையை விட்டபோது உறை இருந்தது. ஆனால் ஒட்டிய மடிப்பு நெளிந்திருந்தது. அதன் மேல் குத்திய முத்திரையின் ஊதா மை கசிந்து பூப்போலப் பரவியிருந்தது.

“இது திறந்ததோ?”

“கிழிக்கேல்லை,” என்றார் பெரியம்மா, உடனே. “கேத்தில் ஆவியில பிடிச்சு வடிவா எடுத்தனான். சோத்துப் பருக்கையால திரும்ப ஒட்டினனான். பார், தெரியுதே?”

“ஏன்?”

“உள்ள என்ன கடதாசி எண்டு பாத்தன். வெறுங்கடதாசி. மஞ்சள் படாத கடதாசியக் கடல் தாண்டக் குடுக்கிறதே? உன்ர கொம்மா படிச்சவ, இதெல்லாம் யோசிக்கமாட்டா.”

தாள்களை வெளியே எடுத்தேன். மூன்று தாளிலும் நான்கு மூலையிலும் மஞ்சள் விரல் பதிந்திருந்தது. கலியாணக் கடிதத்துக்கும் சாதகக் குறிப்புக்கும் செய்வதுபோல, பன்னிரண்டு இடத்திலும் ஒரே அளவாக. கட்டுப்பாட்டுப் பொறியியலில் நான் எடுத்த ‘ஏ’ தரம் சற்று மஞ்சளாக இருந்தது.

நான் சத்தம் போடவில்லை. அப்படிப் பேசிப் பழக்கமில்லை. உறை பிரிந்தால் செல்லாது, உறை இல்லாமல் படிக்க ஏலாது, ஒன்பது நாள் இருக்கிறது என்று மூன்று வசனத்தில் சொன்னேன். பிறகு ஒரு வசனம் கூடுதலாகச் சொன்னேன். “உங்களுக்கு விளங்காத ஒண்டில ஏன் கை வைக்கிறியள்?”

பெரியம்மா குத்துவிளக்கின் தண்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்க நேரம் எடுத்தது.

“அப்ப எங்க போய் ஒட்டுவிக்கிறது?” என்று கேட்டார்.

அமெரிக்க அலுவலகத்துக்கு அன்றே மின்னஞ்சல் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. பிரித்த உறையை ஏற்க முடியாது, விரைவில் நேரில் சந்திக்க ஆவலாக இருக்கிறோம், ஒரு சிரித்த முகம். நான் படித்த பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டியிருந்தது. பெரியம்மா கூட வந்தார். வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். பஸ் தரிப்பிடத்தில் எனக்கு முன்னமே நின்றார்.

பரீட்சைப் பிரிவுக்குப் பிரிந்த உறையோடு மூன்று ஆவணங்களும் கொண்டுபோனேன். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல், விமானச் சீட்டு, பயிற்சி நாளைக் குறிக்கும் கடிதம். மேசைக்குப் பின்னால் இருந்த எழுதுவினைஞர் அவற்றைத் தொடவே இல்லை.

“முத்திரை உடைஞ்சா புது விண்ணப்பம். மூண்டு கிழமை செல்லும்.”

“எனக்கு எட்டு நாள்தான் இருக்கு.”

“அது நீர் உடைக்க முன்னம் யோசிச்சிருக்க வேணும்.”

“நான் உடைக்கேல்லை.”

“அப்ப ஆர் உடைச்சது?”

“நான்தான் மோனை,” என்றார் பெரியம்மா, பின்னால் மர வாங்கில் உட்கார்ந்தபடி.

எழுதுவினைஞர் நிமிர்ந்து பார்த்தார். “ஏன் அம்மா?”

“மஞ்சள் வைக்க.”

மஞ்சள் வைத்த தாள்களைக் கேட்டு வாங்கினார். மூலைகளைப் பார்த்தார். பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். “இஞ்ச பாரும். என்ர அம்மா என்ர டிகிரியில சந்தனம் பூசினவ. நானும் எனக்கு மட்டும்தான் வாய்ச்சது எண்டு இருந்தனான்.” இருவரும் சிரித்தார்கள். என் கடிதங்கள் மேசையில் கிடந்தன.

“எந்த ஊர் அம்மா?”

“நாரந்தனை.”

“நாரந்தனைப் பள்ளிக்கூடத்திலதான் என்ர மச்சாள் படிப்பிக்கிறா.”

“ஆர், அந்த நெட்டையா, கண்ணாடி போட்ட பிள்ளையோ?”

“இல்லை, அவ கட்டை. கண்ணாடியும் இல்லை.”

“ஓம் ஓம், அப்ப மற்றவ. நல்ல பிள்ளை.”

அப்படி ஒரு மற்றவரைப் பெரியம்மாவுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவர் அந்தப் பள்ளிக்கூடப் பக்கம் போய்ப் பல வருடம். எழுதுவினைஞருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அது அவருக்குப் பொருட்டாகவே இல்லை. உள்ளே எழுந்து போய், உதவிப் பதிவாளரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

“ரெண்டு மணிக்கு வாங்கோ. அம்மா, இதையும் துறக்கிறேல்லை, சரியோ?”

“ஐயோ, இனி நான் தொடமாட்டன் மோனை.”

மூன்று கிழமை என்ற விதி மூன்று மணித்தியாலமானது. காரணம், பெரியம்மாவுக்குத் தெரியாத ஒரு மச்சாள். திகதி போட்ட மூன்று கடிதத்தால் முடியாததை இல்லாத ஒரு உறவு முடித்துக் கொடுத்தது. நன்றியோடு இருக்க வேண்டிய அந்த நேரத்தில் எனக்கு வந்தது எரிச்சல்தான். இப்படி நடக்கும் நாட்டை விட்டுப் போகிறேன் என்பதைப் பஸ்ஸில் இருந்தபடி எனக்கு நானே ஒரு தரம் சொன்னேன். புது உறையை என் கைப்பையில் வைத்திருந்தேன். பெரியம்மா பக்கத்துச் சீட்டில் பையை மடியில் வைத்து நித்திரையானார். அவருடைய தோள் என் மேல் சாய்ந்தது. வேலணை தாண்டும் வரை நான் அசையவில்லை.

ஆடி கடைசிக் கிழமைக்குச் சற்று முன் நடுவழியில் இருந்த என் பயணத்தைத் தொடர்ந்தேன். பெட்டி இருபத்திரண்டரைக் கிலோ. பயிற்சிக்கு முந்திய நாள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனேன். வரிசை நீளமில்லை. மேசையில் இருந்த இளைஞர் சின்னக் கரட் கிழங்குகளைப் பொதியிலிருந்து எடுத்துக் கொறித்துக்கொண்டிருந்தார். உறையை நீட்டினேன், முத்திரை அவர் பக்கம் தெரியும்படி. அவர் அதைப் பார்க்கவில்லை. பேனையை ஓரத்தில் செருகிக் கிழித்தார். தாள்களை ஸ்கானரில் வைத்தார். உறையைக் குப்பைக் கூடைக்குள் போட்டார். பிறகு தாள்களை என்னிடம் நீட்டி, இவை உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார்.

அன்று இரவு, ஊரில் விடிந்த பிறகு, அம்மாவை அழைத்தேன். பெரியம்மாவும் அங்கே வந்து இருந்தார். போய்ச் சேர்ந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

“கடதாசியக் குடுத்தனியோ?” என்றார் பெரியம்மா.

“ஓம், குடுத்திட்டன்.”

“முத்திரையப் பாத்தவையோ?”

குளிரூட்டி என் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்தது.

“ஓம் பெரியம்மா,” என்றேன். “ரெண்டு பேர் வந்து வடிவாப் பாத்தவை.”