சுடாத காலும் இழுக்கும் காலும்

நிலக்கடலை பறிக்கிற சமயத்தில் என் இடது கால் செருப்பு அடிக்கடி கழன்று விழ ஆரம்பித்தது. வரப்பில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் செருப்பு பின்னால் கிடப்பது தெரியும். காலைத் தூக்கி வைப்பதே பாரமாக இருந்தது. வலி இல்லை. பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான எருத்தேன்பதியில் எங்களுக்குத் தென்னையும் கடலையும்தான் பிழைப்பு. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற உடம்பு, அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் விடவில்லை, டாக்டரிடம் அழைத்துப் போனார். இடுப்பை ஸ்கேன் எடுத்ததில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. மாத்திரை சாப்பிட்டேன், இடுப்புப் பட்டை கட்டினேன். கால் இன்னும் அதிகமாக இழுத்தது.

ஒரு நாள் பைக்கிலிருந்து இறங்கும்போது கணவர் என் வலது கெண்டைக்காலைப் பார்த்தார். பெரிய கொப்புளம்.

"ஏம்புள்ள, சைலன்சர்ல சுட்டிருக்குது. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்பச் சுட்டுச்சுன்னே தெரியலீங்க."

அன்று குளிக்கும்போது சுடுதண்ணீரை முதலில் இடது காலில் ஊற்றினேன். சுட்டது. வலது காலில் ஊற்றினேன். தண்ணீர் படுவது தெரிந்தது, சூடு தெரியவில்லை. மறுபடி ஊற்றிப் பார்த்தேன். தடுமாறுகிற கால் சூட்டை உணர்கிறது, திடமாக நிற்கிற கால் உணரவில்லை. பயத்தைவிட, இது என்ன கூத்து என்றுதான் தோன்றியது.

பாலக்காட்டில் நரம்பு டாக்டரைப் பார்க்கப் போனோம். சின்ன வயதுப் பெண், மலையாளம் கலந்த தமிழ் பேசினார். இடது காலைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, "இது வேற விஷயமா இருக்கும்ங்க" என்று சொல்லி வலது கால் கதையையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சேச்சி, அத முதல்ல இருந்து சொல்லுங்க."

படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கவட்டை போலப் பிரிந்த ஒரு இரும்பைத் தட்டி, அதிர அதிரக் கணுக்காலில் வைத்தார். வலது பக்கம் அதிர்வு தெரிந்தது. இடது பக்கம் வெறும் இரும்புதான் தெரிந்தது. பிறகு ஊசி முனையால் வலது காலைத் தொட்டுத் தொட்டு மேலே வந்தார். பாதம், முழங்கால், தொடை எங்கேயும் குத்தவில்லை. தொப்புளை ஒட்டி வந்ததும் சுருக்கென்றது. அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார்.

"ரெண்டு காலிலயும் ஒண்ணுமில்ல. இடுப்பிலயும் இல்ல. முதுகுத்தண்டில, கோட்டுக்குக் கொஞ்சம் மேல, இடது பக்கம் ஏதோ அமுக்குது."

"இடது பக்கம் அமுக்குனா வலது காலுக்கு ஏனுங்க சூடு தெரியாமப் போகுது?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது போல, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலுக்கு பலம் கொண்டு வர்ற நரம்பு முதுகுத்தண்டில அதே பக்கமா இறங்கும். அதிர்வு சொல்ற நரம்பும் அதே பக்கமா ஏறும். சூடும் வலியும் சொல்ற நரம்பு மட்டும் உள்ள நுழைஞ்ச உடனே எதிர்ப்பக்கம் தாண்டிடும். அதனால ஒரே இடத்தில அமுக்கினா ஒரு காலில பலம் போகும், மத்த காலில சூடு போகும்."

இத்தனை வருஷமாகச் சுமந்து திரிகிற உடம்புக்குள் இப்படி ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? கணவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெஞ்சு உயரத்தில் முதுகை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சொன்ன பக்கத்திலேயே, தண்டுவடத்தை ஒட்டி, நிலக்கடலைப் பருப்பு அளவில் ஒரு கட்டி இருந்தது. கெட்ட கட்டி இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் இடது கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. அப்போதுதான் அழுகை வந்தது.

இடது கால் சில மாதங்களில் நேராகிவிட்டது. வலது காலில் உணர்ச்சி மெதுவாகத்தான் திரும்பியது. ஃப்ரிட்ஜில் வைத்த டம்ளரைத் தொடையில் வைத்து, குளிர் எதுவரை தெரிகிறது என்று தினமும் பார்ப்பேன். அந்த எல்லை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி முழங்காலைத் தாண்டியது.

"இன்னைக்கு எங்க வந்து நிக்குது?" என்பார் கணவர், சாப்பிட உட்காரும்போது. நான் இடத்தைத் தொட்டுக் காட்டுவேன்.