பேட்லாக் என்று பேர் வந்த கதை

எங்கள் ஊருக்கு மேயர் கிடையாது, மன்றம் கிடையாது. மிசௌரி மலைக்காட்டில் கொஞ்சம் வீடுகள், ஒரு மளிகைக்கடை, ஒரு கிணறு, அவ்வளவுதான். கிணற்றைத் தோண்டியவன் லொடீமாவின் புருஷன் எஸ்ரா. ஊரே அதில்தான் தண்ணீர் எடுத்தது. மழை பொய்த்த வருஷம் கடைக்காரன் டேக்கெட் நிலத்தை அளந்து பார்த்தான். கிணறு அவன் எல்லைக்குள் வருகிறதாம். மூடி போட்டுப் பெரிய பூட்டாகத் தொங்கவிட்டான்.

அந்தக் கோடையில் எஸ்ரா காய்ச்சலில் கிடந்தான். "என் கெணத்துத் தண்ணி ஒரு வாய் குடு லொடீமா" என்று கேட்டபடியே இருந்தான். அவள் போய்க் கெஞ்சினாள்.

"ஒருத்தருக்குத் தெறந்தா ஊருக்கே தெறக்கணும்மா" என்றான் அந்தப் பாவி.

ஓடைக் கலங்கலைக் குடித்துத்தான் எஸ்ரா செத்தான். லொடீமா அழவில்லை. "அவனும் ஒரு நாள் எதுக்காவது ஏங்குவான், அன்னைக்குப் பாத்துக்கறேன்" என்று என்னிடம் சொன்னாள். நான் பக்கத்து வீடு.

அந்த நாளும் வந்தது. சாலை இலாகா ஊர்ப்பலகை நட வந்தது. அதுவரை ஊருக்கென்று பேர் கிடையாது. மன்றம் இல்லாத ஊரில் என்ன பேர் எழுத என்று யாரைக் கேட்பார்கள்? ஜனங்களைத்தான். தன் பேர் பலகையில் ஏற வேண்டும் என்று டேக்கெட்டுக்கு வெறி. முழுப் பன்றியைச் சுட்டு ஊருக்கே விருந்து வைத்தான். லொடீமா அதற்கு முன்பே வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள்.

"நல்லா தின்னுங்க, மிச்சம் வைக்காதீங்க. வாயத் தொடச்சிட்டு நான் சொன்ன பேரச் சொல்லுங்க."

அதிகாரி கேட்டார். டேக்கெட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான். வாயைத் துடைக்கக்கூட இல்லை நாங்கள். "பேட்லாக்!" என்று மொத்தமாகக் கத்தினோம். பூட்டு என்று அர்த்தம். அவன் முகம் போன போக்கைப் பார்க்க இன்னொரு பன்றி தின்னலாம்.

பலகை ஏறிய பிறகு டேக்கெட் லொடீமா வீட்டு வாசலுக்கு வந்தான்.

"கெணத்தத் தெறந்து விட்டுடறேன். பேர மாத்தச் சொல்லும்மா."

"எஸ்ரா எந்திரிச்சு வந்து குடிப்பாரா?"

"எத்தன காலத்துக்கு இதயே பிடிச்சுத் தொங்குவ?"

"பலகை நிக்கற வரைக்கும்யா."

ஆத்திரத்தில் பூட்டைக் கழற்றி வந்து அவள் வாசலில் வீசினான். அவள் அதை எடுத்துப்போய்ப் பலகைக் கம்பத்திலேயே மாட்டிப் பூட்டினாள். சாகும்வரை அவன் கடையைத் திறந்ததும் எதிரே கண்ணில் பட்டது அதுதான்.

இருவரும் இப்போது இல்லை. பூட்டு இருக்கிறது. அது துருப்பிடித்து விழுந்துவிடக் கூடாது என்று நான் எண்ணெய் போட்டு வருகிறேன்.