நீல வாளி

பன்னிரண்டு மணிக்கு மதகுக்குச் சீல் வைக்க வருகிறார்கள். வளர்மதிக்கு விஷயம் புரிந்தது காலை ஏழரைக்கு, விருத்தாசலத்தில், தன் வீட்டுப் பின்பக்கம்.

கணவர் பூபாலன் பொம்மை வார்க்கக் களிமண் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார். கூழ் கட்டி தட்டாமல் அச்சுக்குள் ஓடுவதற்காக, ஒரு கைப்பிடி வெள்ளைத் தூளை நீல வாளியில் போட்டுக் கலக்கினார். பதினைந்து வருடமாகப் பார்க்கிற காட்சிதான். மூட்டையில் அச்சடித்திருந்ததை அன்றைக்குத்தான் வாசித்தாள். பாஸ்பேட்.

"ஏங்க, எப்பவும் இந்த வாளிலதான் போடுவீங்களா?"

"ஆமா. ஏன், மூஞ்சியே செத்துப்போச்சு?"

சாகாமல் என்ன செய்யும்! வளர்மதிக்குக் கல்லூரி ஆய்வுத் திட்டம் ஒன்றில் வேலை. கடலோரத்தில் உப்பேரி என்று ஓர் ஏரி. உரமும் சாக்கடையும் இறங்கி இறங்கி, தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிட்டது. எட்டு மாதமாக பஸ் பிடித்துப் போய், பத்து இடத்தில் தண்ணீர் எடுத்து வருகிறாள். பாசிக்குச் சோறு போடுவது பாஸ்பேட், அதைத்தான் அளக்கிறார்கள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பீங்கான் பொம்மைக்குப் பன்னிரண்டு வருடம் கண் எழுதியவளுக்குக் கிடைத்த வேலை இது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன மாதம் ஏரியில் மீன் செத்து மிதந்தது. இறால் குட்டை வைத்திருக்கும் ராஜாம்பாள்தான் காரணம் என்று ஊர் கை காட்டியது. ராஜாம்பாளின் குட்டை மதகுத் தண்ணீரைத் தனியாக எடுத்து வா என்று வளர்மதியிடம் சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து மாசி மகம், லேபு பூட்டு. பாட்டிலை அமிலத்தில் அலசித் தர ஆளில்லை. நம் கெட்டிக்காரி என்ன செய்தாள்? சோப்புத் தூளில் பாஸ்பேட் இருக்கும் என்று சோப்பைத் தொடாமல், வெறும் தண்ணீரில் இரண்டு பாட்டிலை வீட்டிலேயே அலசினாள். இதே நீல வாளியில்! குயவர் வீட்டில் பிறந்து குயவர் வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்குக் களிமண் வாளி அழுக்காகத் தெரியவே இல்லை.

அளவு எகிறியது. அதை வைத்துத்தான் இன்றைக்குச் சீல். தண்ணீர் மாற்றாவிட்டால் ராஜாம்பாளின் இறால் நாலு நாள் தாங்காது.

திட்டத்தை நடத்தும் குருமூர்த்திக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தப் பாட்டிலு தப்பு சார்."

அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சத்தம் போட்டார். "இத வெளிய சொன்னா எட்டு மாசம் எடுத்ததெல்லாம் பொய்யின்னுடுவாங்க. தெரியுதா?"

"அந்தம்மா குட்டை செத்துடும் சார். அன்னைக்கு அலசுன இன்னொரு பாட்டிலு எங்கிட்டதான் இருக்குது. நீங்க டெஸ்ட் கிட்டையும் லேபுல அலசுன பாட்டிலு ஒண்ணையும் எடுத்துட்டு வாங்க. அங்கேயே பாத்துடலாம்."

வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். நெய்வேலி நிலக்கரி வேகன் ஒவ்வொன்றாக, ஆற அமரப் போனது. வளர்மதி மணியைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

ஏரியை அடைந்தபோது பதினொன்றே முக்கால். அதிகாரிகள் அரக்கும் கயிறுமாக நின்றார்கள். ராஜாம்பாள் மதகின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியாடி மகராசி! எங் குடியக் கெடுத்தது பத்தலையா?"

வளர்மதி, குருமூர்த்தி கொண்டுவந்திருந்த கிட்டை வாங்கிப் பிரித்தாள். வீட்டில் அலசிய பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டரையும், லேபு பாட்டிலில் மதகுத் தண்ணீரையும் ஊற்றினாள். இரண்டிலும் மருந்து விட்டாள். பாஸ்பேட் இருந்தால் நீலம் ஏறும். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

பத்து ஆகவில்லை. மூன்றாவது நிமிடத்திலேயே அவள் வீட்டுப் பாட்டில் கருநீலமானது. எதுவுமே இருக்கக் கூடாத தண்ணீர் அது! மதகுத் தண்ணீர் பத்து நிமிடம் கழித்தும் வெளிறியேதான் நின்றது.

அதிகாரி அரக்கைப் பைக்குள் வைத்தார். குருமூர்த்தி நோட்டில் நடந்ததை எழுதி, தயங்கியபடி நீட்டினார்.

"கையெழுத்து போட்டா, அடுத்த மாசம் உன்ன வச்சிக்குவாங்களான்னு எனக்கே தெரியலம்மா."

ஆனாலும் போட்டாள். மீன் எதனால் செத்தது என்பதற்கு இன்னும் பதில் இல்லை, ஏரி பச்சையாகத்தான் கிடந்தது. இனி அதை யார் அளப்பார்களோ என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மெயின் ரோட்டில் விருத்தாசலம் பஸ் ஹாரன் அடித்தது. வளர்மதி பையைத் தூக்கினாள். ராஜாம்பாள் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட? இந்த நாலு பேரு முன்னால காட்டிட்டா ஆச்சா? பைப்படில என்னத் தண்ணி புடிக்க வுடல தெரியுமா? நான் பெத்த புள்ளயப் பாத்துக் காறித் துப்புனாளுவ. அங்க வந்து சொல்லு."

பஸ் கிளம்பிவிட்டது. அடுத்தது மூன்று மணிக்குத்தான்.

"நடங்க, அக்கா."

கருநீலப் பாட்டிலைக் கையிலேயே எடுத்துக்கொண்டாள். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் ராஜாம்பாளைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்கள். வளர்மதி பாட்டிலை உயர்த்திப் பிடித்தாள்.

"இந்த வெசம் அக்கா குட்டையில இல்லீங்க," என்றாள். "எங்க வூட்டு வாளில இருந்துச்சு."