மூளி வீட்டுக்கு வெள்ளை

மானாம்பதி சாலையோரத்தில், மாமரமும் புங்கமரமும் சூழ்ந்த தோட்டத்துக்கு நடுவே இருந்தது அந்த வீடு. தட்டையான கூரை, தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி, மற்ற இடமெல்லாம் பூசாத செங்கல். சென்னையில் இருந்த ஒரு வயதான அம்மாவும் அவர் கணவரும் கல்யாணமாகி நாலைந்து வருஷத்தில் கட்டியது. பிள்ளைகுட்டி கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். கணவர் போன பிறகு அந்தம்மா பொங்கலுக்கு மட்டும் வருவார். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது என் நைனா. பின்பக்க அறையில்தான் நாங்கள் குடியிருந்தோம்.

கட்டி முடிக்க முடியாமல் பூச்சை விட்டுவிட்டார்கள் என்று நாங்கள் இரக்கப்பட்டோம். எங்கள் ஒற்றை அறைக்கே வருஷா வருஷம் சுண்ணாம்பு உண்டு. எனக்கு எட்டு வயதான வருஷம் நைனாவுக்கு மனசு கேட்கவில்லை.

"பொங்கலும் அதுவுமா வூடு மூளியா கீது. அந்தம்மா பாத்து அசந்துடணும்" என்று ஏணி போட்டார். இரண்டே நாளில் சுவரெல்லாம் வெள்ளை, அடியில் காவிப்பட்டை.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. வாசல் கதவுக்குப் பக்கத்துச் செங்கல் ஒன்றில் சின்னக் கைத்தடம் பதிந்திருக்கும். சூளையில் விளையாடிய ஏதோ பிள்ளையின் குறும்பு என்று நினைத்திருந்தேன். அந்தப் பள்ளத்தில் சுண்ணாம்பைக் குழைத்து அப்பி, கரண்டியால் வழித்து, இருந்த இடம் தெரியாமல் செய்தேன்.

போகியன்று கார் வந்தது. இறங்கிய அந்தம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஓடிப்போய்க் கதவுக்குப் பக்கத்துச் சுவரை இரண்டு கைகளாலும் தடவத் தொடங்கினார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது.

"இன்னாம்மா ஆச்சு?" நைனா கிட்டே ஓடினார். வேலையும் போச்சு, தங்கியிருந்த அறையும் போச்சு என்று என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் பெருமையாக முன்னால் போனேன். "அந்தப் பள்ளமாம்மா? நான்தான் அடைச்சேன். தெரியவே தெரியாது!"

அந்தம்மா அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "எங்கன்னு காட்டும்மா" என்றார். காட்டினேன். கொண்டை ஊசியை உருவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சுரண்டினார். முதலில் கட்டைவிரல் வந்தது.

"மூணு வயசு" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு நைனாவிடம், "நீ போய் வேலையைப் பாருப்பா. உன்மேல தப்பில்ல."

"உங்க பாப்பாவாம்மா? பொங்கலுக்கு ஏன் இட்டுகினு வரல?" என்று கேட்டேன்.

நைனா என்னை வாரித் தூக்கிக்கொண்டு மாமரத்துப் பக்கம் ஓடினார். என்னை ஓர் அடிகூட அடிக்கவில்லை. என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதுதான் வேலை போகவில்லையே, பிறகு எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.