சோறு போய்ச் சேர்ந்ததா?

எண்பதுகளில் பினாங்கு அரசு மருத்துவமனை ஒன்றின் பதிவுப் பிரிவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரியில் ஓர் அக்கா வருவார். மெலிந்த உருவம். காலி டிபன் கேரியரை மேசைமேல் வைத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே பேசுவார். போலீஸ் காவலில் இறந்த கணவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்பார். அது அரசாங்க ரகசியம், தர முடியாது என்பேன்.

ஒருநாள், "முழுசும் வேணாம் தம்பி. வயித்துல சோறு இருந்துச்சான்னு மட்டும் பார்த்துச் சொல்லுலா. தினமும் ஸ்டேசன்ல கொடுத்துட்டு வருவேன். கேரியர் காலியாத்தான் திரும்பி வரும். அவருதான் சாப்பிட்டாரா?" என்றார்.

"அந்த ஃபைலைத் தொறக்க எனக்கே அனுமதி இல்லக்கா."

கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வயிற்றில் இருந்ததை டாக்டர்கள் தவறாமல் எழுதுவார்கள். ஒரு வாய்ச் சோற்றில் அரசாங்கத்துக்கு என்ன ரகசியம் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.